ஒன்றரை எம்எம்

அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்பட்டவர்கள் "பாயிண்ட் கடை எங்க?" என்று கேட்டு வந்துவிடுவார்கள். பாயிண்ட் என்பது அங்கே இருந்தவரின் பட்டப்பெயர். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தால் அவர் தடவிப் பார்ப்பார், அளவெடுப்பார், பிறகு மனைவியின் பக்கம் திரும்பி "பாயிண்ட் அஞ்சு" என்பார். அரை மில்லிமீட்டர் சீவு என்று அர்த்தம். வேறொரு வண்டிக்கு "பாயிண்ட் மூணு" வரும். அதற்கு முன்னும் பேச்சில்லை, பின்னும் பேச்சில்லை. "எங்க வீட்டுக்காரர் பேசினா பாயிண்ட்டாத்தான் பேசுவாரு" என்று மனைவி யாரிடமோ சொல்லப்போக, பெயர் பசை போட்டு ஒட்டிக்கொண்டது.

ஹெட்டைச் சீவும் மில்லிங் மெஷினில் நிற்பவள் என்பதால் அந்த மனைவியை எல்லோரும் மில்லிங்கக்கா என்பார்கள். அவள் தையல்காரரின் மகள். கல்யாணமாகி வந்த புதிதில் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோவதோடு சரி. ஒருநாள் மெஷினில் நின்ற ஆள் கோபித்துக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டபடி போய்விட்டான். மெஷினில் ஒரு ஹெட் பாதி சீவிய நிலையில் கிடந்தது. வண்டிக்காரர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "நான் சுத்தறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் அவள்.

நூல் அறுபடாமல் இழுத்துப் பழகிய கை அது. சக்கரத்தைப் பிடித்து மேஜையை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். மேலே கட்டர் சுழன்றது. அலுமினியம் வெள்ளிச் சுருளாகக் கழன்று விழுந்தது. முடிந்ததும் அவர் பெருவிரல் நகத்தால் ஹெட்டின் மேல் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு "பரவால்ல" என்றார். வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான் என்று அவள் பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள். வேறு ஆள் அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

கோணிப்போன ஹெட்டைச் சமப்படுத்துவதுதான் பெரும்பாலும் அவர்களுக்கு வந்த வேலை. அது போக, வண்டி இன்னும் வேகமாகப் போகவேண்டும் என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. ஹெட்டின் அடியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குழி இருக்கிறது. பெட்ரோலும் காற்றும் அந்தக் குழிக்குள் நெருக்கப்பட்டுத்தான் தீப்பிடிக்கின்றன. அடியைச் சீவினால் குழி சிறுக்கும், நெருக்கம் கூடும், சின்ன வண்டிகூடச் சீறிக்கொண்டு மேடேறும். ஆனால் சீவச் சீவ, ஹெட்டில் தொங்கும் வால்வு கீழே ஏறி இறங்கும் பிஸ்டனுக்கு அருகே வந்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் இன்ஜின் அவ்வளவுதான். எவ்வளவு சீவலாம் என்பது அவருடைய கணக்கு. அதை மயிரிழை பிசகாமல் சீவுவது அவளுடைய கை. இந்தப் பங்கீட்டில் இருவருக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொண்டது அவருடைய தம்பி. படிக்கிற வயதில் அண்ணன் வீட்டிலேயே தங்கி, அண்ணி கட்டிக்கொடுத்த சாப்பாட்டைத் தின்று வளர்ந்தவன். கால் தரையில் நிற்காது என்பதால் தெருவில் அவனுக்கு ராக்கெட் என்று பெயர். பெரியவனான பிறகு தனி வீடு பார்த்து, மனைவியோடும் அம்மாவோடும் இருந்தான். ஒரு கம்பெனியில் வேன் ஓட்டினான். அவனிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மலைப்பாதையை அடைத்து நடத்தும் பந்தயத்தில் அதை ஓட்டுவான். ஒருமுறையும் ஜெயித்ததில்லை. ஜெயித்தவனைவிட அதிகமாகப் பேசுவான்.

பாயிண்ட்டுக்கு அது நடந்தது ஒரு காலை நேரம். மேஜையில் ஹெட் முடுக்கித் தயாராக இருந்தது. அவள் சக்கரத்தில் கை வைத்துக் காத்திருந்தாள். அவர் மண்ணெண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே "பாயிண்ட்..." என்றார். எண் வரவில்லை.

"பாயிண்ட் என்னங்க?"

அவர் அவளைப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. துணி கீழே விழுந்தது. பிறகு அவரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் வலது காலும் அவருடையவையாக இல்லை. பேச்சும் போயிருந்தது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல் "சரி". எதற்கும் அதுதான் வரும். தண்ணீர் வேண்டுமா என்றால் சரி. போதுமா என்றால் சரி. பல் வலி வந்தபோது கன்னத்தைப் பொத்திக்கொண்டு "சரி, சரி, சரி" என்று அழுதார். "வார்த்தை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

பார்க்க வந்தவர்களிடம் அவள், "கல்யாணமானதுலேர்ந்து நான் சொன்ன எதுக்கும் இந்த மனுஷன் சரின்னு சொன்னதில்ல. இப்ப எதுக்கெடுத்தாலும் சரிதான்" என்பாள். வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டீயைக் குடிப்பார்கள். அவர்கள் போனதும் அவள் பின்கட்டில் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள்.

நாளாக ஆக, அந்த ஒரே சொல்லின் ஏற்ற இறக்கம் தனக்குப் பிடிபட்டுவிட்டதாக அவள் நம்பினாள். பட்டறையை மூடவில்லை. வீட்டின் முன்பகுதிதான் பட்டறை. நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவருகே அவருடைய நாற்காலியைப் போட்டாள். சமப்படுத்துகிற வேலையை மட்டும் எடுத்தாள். அதற்கு எண் தேவையில்லை. மேடு பள்ளம் போகும்வரை சீவினால் போதும்.

பந்தயத்துக்குச் சில வாரம் இருக்கும்போது ராக்கெட் தன் காரின் ஹெட்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"அண்ணி, அண்ணன் மட்டும் இருந்திருந்தா..."

"இருக்காருடா. அதோ, அங்கதான் உக்காந்திருக்காரு."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அண்ணனின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினான். "போன தடவை மேட்டுல மூச்சு வாங்கிருச்சு அண்ணி. ஒண்ணரை எம்எம் எடுத்துக் குடுங்க. பறக்கும்."

"ஒண்ணரையா? உங்கண்ணன் பாயிண்ட் எட்டைத் தாண்டிப் போயி நான் பாத்ததில்லடா."

"அது மத்த வண்டிக்கு. இதுல பிஸ்டன் தலையில வால்வுக்குன்னே பள்ளம் விட்டிருக்கான். இடிக்காது. நான் விசாரிச்சுட்டேன்."

"யார்கிட்ட விசாரிச்ச?"

"எல்லார்கிட்டயும்தான்."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. "அவர்கிட்டக் காட்டாம நான் கை வெக்க மாட்டேன்" என்றாள்.

அவர் மடியில் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் ஹெட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். அவர் இடது கையால் அதைத் தடவினார். பெருவிரலை ஒரு குழிக்குள் விட்டுச் சுற்றினார். படுத்த பிறகு அவர் ஒரு ஹெட்டைத் தொடுவது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தில் ஏதோ ஓடியது. 

"ஒண்ணரை எம்எம் எடுக்கச் சொல்றான். எடுக்கலாங்களா?"

"சரி."

"ஒண்ணரைங்க. அரை இல்ல."

"சரி. சரி. சரி!" குரல் ஏறிக்கொண்டே போனது. உள்ளங்கையால் ஹெட்டைத் தள்ளினார். பலகையோடு அது சரியப் பார்த்தது, ராக்கெட் பாய்ந்து பிடித்தான். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"பாத்தீங்களா அண்ணி! எடுத்துட்டுப் போ, எடுத்துட்டுப் போன்னு தள்றாரு. அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கல!" என்று சிரித்தான் ராக்கெட்.

அவளும் சிரித்தாள். முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தாள். "வேலை வாசனை பட்டு எவ்வளவு நாளாச்சு. அதான்" என்றாள்.

கட்டர் சுழன்றது. பாதி வேலையில் உள்ளேயிருந்து "சரி! சரி!" என்று கூப்பாடு கேட்டது. மெஷினை நிறுத்திவிட்டுப் போனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிடி. இவ்வளவு பலம் திரும்பிவிட்டதா என்று அவளுக்கு அப்போது மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. "இருங்க, இன்னும் பாதி இருக்கு. முடிச்சுட்டு வந்துடறேன்" என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஹெட்டைக் கொடுக்கும்போது சொல்லி அனுப்பினாள். "பிஸ்டன் மேல களிமண் வெச்சு, ஹெட்டை மாட்டி, கையால ஒரு சுத்து சுத்திட்டுக் கழட்டிப் பாரு. வால்வு பதிஞ்ச இடத்துல எவ்வளவு கனம் மிஞ்சுதுன்னு தெரியும். மறந்துடாதடா."

"பாத்துக்கறேன் அண்ணி."

பார்த்தானா என்பது யாருக்கும் தெரியாது. வண்டியைப் பூட்டியதும் வாசலுக்கே ஓட்டி வந்து அண்ணனுக்கு இன்ஜின் சத்தத்தைக் கேட்கவைத்தான். முன்பைவிட இறுக்கமான, நெஞ்சில் தட்டுகிற சத்தம். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். களைத்துவிட்டார் போலிருக்கிறது என்று அவள் தலையணையைச் சரிசெய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராக்கெட் மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்கப் போனான். மேடேறி முடித்து, வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்தபோது இன்ஜின் ஒரேயடியாக வேகமெடுத்தது. அந்த வேகத்தில் மூடி முடிக்க நேரம் கிடைக்காத வால்வு பிஸ்டனில் இடித்து முறிந்தது. முறிந்த துண்டு உள்ளே சிக்கி, இன்ஜின் அப்படியே இறுகிக்கொண்டது. முன்சக்கரங்கள் உருளாமல் இழுபட்டன. ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பவில்லை. கிளட்ச்சை மிதித்திருந்தால் சக்கரம் விடுபட்டிருக்கும் என்று பிறகு பலர் சொன்னார்கள். அந்த ஒரு நொடி அவனுக்குக் கிடைக்கவில்லை. சாலையோரக் கல்சுவரில் வண்டி மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

வீட்டில் அவரிடம் சொல்லவேண்டியவள் அவள்தான். வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, செத்த கையையும் உயிருள்ள கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "உங்க தம்பி போயிட்டான்ங்க" என்றாள்.

"சரி" என்றார் அவர்.

வாய் திறந்தே இருந்தது. வேறு சொல்லைத் தேடி நாக்கு உள்ளே புரள்வது தெரிந்தது. மறுபடியும் அதேதான் வந்தது.

துக்கம் கேட்க வந்த கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒருநாள் மதியம் ராக்கெட்டின் வீட்டில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் ஒரு ஆட்டோ பிடித்து அவரை அழைத்துப் போயிருந்தாள். நொறுங்கிய வண்டியின் இன்ஜினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் அங்கே வந்தான். ராக்கெட்டின் சிநேகிதன்தான். நின்றபடியே தயங்கித் தயங்கிச் சொன்னான். "நாலு பிஸ்டன்லயும் வால்வு இடிச்ச தடம் பிறை மாதிரி இருக்கு. ஹெட்டை அளவுக்கு மீறி எடுத்திருக்காங்க."

"யாரு அவ்வளவு எடுக்கச் சொன்னது?" என்று ஒரு மாமா கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ராக்கெட்டின் மனைவி பேசினாள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது. "பெரியவர்தான் சரின்னாராம். அண்ணனே சொல்லிட்டாரு, இனிமே பாருன்னு வீட்டுக்கு வந்து குதிச்சாரு."

எல்லோரும் பாயிண்ட்டின் நாற்காலியைப் பார்த்தார்கள். மூலையில் சுருண்டு கிடந்த தாய் எழுந்தாள். தலை கலைந்திருந்தது. மகனின் முன்னால் வந்து நின்றாள்.

"நீயாடா சரின்னு சொன்ன? அவனைச் சாகக் குடுக்கவாடா சரின்னு சொன்ன?"

"சரி" என்றார் அவர்.



"சரி. சரி. சரி!" குரல் ஏறியது. இடது உள்ளங்கை காற்றைத் தள்ளியது. மறுபடியும் மறுபடியும் தள்ளியது.

மில்லிங்கக்கா அந்தக் கையைப் பார்த்தாள். மடியிலிருந்த ஹெட்டைத் தள்ளிய அதே கை, அதே தள்ளல். இப்போது சந்தோஷம் என்று யாராலும் சொல்ல முடியாது.  மணிக்கட்டில் அவர் பிடித்த பிடியும், தான் பிரித்துவிட்ட விரல்களும், சுவர்ப்பக்கம் திரும்பிய முகமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவர் வேண்டாம் என்று கத்தியிருக்கிறார். இரண்டு பேர் எதிரில் நின்று சிரித்திருக்கிறார்கள்.

தாய் கையை ஓங்கினாள். அவள் நடுவில் போய் நின்றாள்.

"அத்தை, அவர் வேணாம்னாரு."

"இப்பக்கூட என் காதால கேட்டேனேடி!"

"பெத்த தாய் முன்னாடி, தம்பியக் கொன்னியான்னு கேட்டா எந்த மனுஷன் சரின்னு சொல்லுவான்? அந்த வாயில வேற வார்த்தை இல்ல அத்தை. அன்னிக்குக் கையால தள்ளினாரு. கத்தினாரு. என் கையைப் பிடிச்சு நிறுத்தினாரு. எனக்குத்தான் புரியல." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒண்ணரை வேணும்னு கேட்டது உங்க சின்ன மகன். வெட்டினது நான். கேக்கறதுன்னா என்னைக் கேளுங்க. அவரைக் கேக்காதீங்க."

ராக்கெட்டின் மனைவி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.  எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாய் ஓங்கிய கையை இறக்கி வாசலைக் காட்டினாள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க."

மெக்கானிக்தான் நாற்காலியை ஒரு பக்கம் பிடித்துப் படியிறக்கினான். ஆட்டோ நகர்ந்ததும் அவர் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு விம்மினார். வீடு வரும்வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தனக்கு அழ உரிமை இருக்கிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து வாரம் தவறாமல் கூட்டிப்போனாள். "வாயால வர்ற சொல்லை நம்பாதீங்கம்மா. பெருவிரலைத் தூக்கினா ஆமா. கையை விரிச்சா இல்ல. இதைப் பழக்குங்க" என்றாள் அந்தப் பெண். சீக்கிரமே பழகிவிட்டார். முதலில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் என்று அவள் ஒருநாள் ஆரம்பித்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்து நிறுத்திவிட்டாள். சாப்பாடு, தூக்கம், வலி எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்த நாளைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அதில் தெரிந்துகொள்ள எதுவும் பாக்கி இல்லை.

பட்டறைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆளையே காலி பண்ணும் கடை என்று பேர் வந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, பந்தயக் கிறுக்குப் பிடித்த இளவட்டங்கள் சிலர் அதைக் கேள்விப்பட்டே தேடி வந்ததுதான். "அக்கா, ராக்கெட்டுக்கு எடுத்தீங்களே, அதே அளவு எனக்கும்" என்று ஒருவன் பல்லைக் காட்டினான். அவள் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை அவனைத் துரத்தினாள். திரும்பி வந்து சக்கரத்தைப் பிடித்தவள் உடனே விட்டுவிட்டாள். அன்றைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள். சமப்படுத்தும் வேலையைத் தவிர வேறெதையும் அவள் தொடவில்லை.

இரண்டு மழைக்காலம் கழிந்து ஒரு மதிய வேளையில், அவள் மெஷினில் நிற்கும்போதே, அவருக்கு மறுபடி பக்கவாதம் வந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போக அவகாசம் இல்லை. தாய் வந்தாள். வாசற்படியில் நின்று மகனின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். மருமகளின் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

தாயும் பிறகு படுத்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்து எழ முடியாமல் போனது. ராக்கெட்டின் மனைவி ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒருநாள் போன் வந்தது. இத்தனை காலத்தில் அவளிடமிருந்து வந்த முதல் பேச்சு அது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை எனக்குக் கடை உண்டு. மத்த நாளைக்குப் பக்கத்து வீட்டம்மா பாத்துக்கறாங்க. ஞாயித்துக்கிழமைக்கு ஆள் இல்ல."

"வர்றேன்" என்றாள்.

அவ்வளவுதான். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருப்பாள் ராக்கெட்டின் மனைவி. திரும்பி வருவதற்குள் இவள் கிளம்பிவிடுவாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் எப்படியோ நேரத்தை அமைத்துக்கொண்டார்கள்.

மில்லிங்கக்கா இன்றும் ஞாயிறுதோறும் போகிறாள். படுக்கை விரிப்பை மாற்றுகிறாள், மாமியாரின் தலையை வாரிவிடுகிறாள், வெந்நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைக்கிறாள். "சூடு போதுமா அத்தை?" என்று கேட்பாள்.  கிழவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ரவிக்கை மாற்றும்போது மட்டும், முகத்தைத் திருப்பாமலே, ஒரு கையை முதலில் தூக்கிக் கொடுப்பாள். அது முடிந்ததும் மற்ற கையை.